உப்பிலிருந்து ரசம் வரை

முகூர்த்த நாட்களில் ஜெயசுதா விடியலைப் பார்த்ததே இல்லை. வானம் வெளுக்கும் நேரத்தில் அவள் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டில் வாளிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருப்பாள். அரியலூர், பெரம்பலூர், இடையில் கிடக்கிற சின்ன ஊர்கள் என்று எங்கே கல்யாணம் நடந்தாலும், பந்தி பரிமாற ஆள் வேண்டுமென்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். சமையல் வேறொருவர் பொறுப்பு. இலை விரிப்பதிலிருந்து கடைசிப் பந்தி கைகழுவ எழும்வரை அவள் பொறுப்பு.

ஐம்பதைத் தொட்டுவிட்டாள். முழங்கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. சாம்பார் வாளி தூக்கித் தூக்கி வலது தோள் ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. கணவன் போய்ச் சேர்ந்து வெகுகாலம், மகன் சென்னையில். வீடு அரியலூர் ஓரத்தில், சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற சாலையை ஒட்டி. துடைத்த துணியை உதறுவதற்குள் நாற்காலியில் மறுபடி வெள்ளைத்தூள் படிந்துவிடும். யாராவது வந்தால் மட்டும் துடைப்பது என்று வைத்துக்கொண்டிருந்தாள்.

இதோடு நின்றிருந்தால் மற்றவர்கள் பிழைப்பைப் போல அவள் பிழைப்பும் ஓடியிருக்கும். ஆனால் கேட்காமலே அவளுக்கு இன்னொரு பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது. ஆளைக் கண்டால் உள்ளே ஓடுகிற பிள்ளை, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாத பிள்ளை, கதவைச் சாத்திக்கொண்டு போனும் கையுமாகக் கிடக்கிற பிள்ளை எந்த வீட்டில் இருந்தாலும், "பந்தி ஜெயசுதாகிட்ட விட்டுப் பாருங்களேன்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள்.

அடுத்த வீட்டுத் தனத்தின் மகன் அறிவரசனால் வந்த வினை அது. பத்தாவதில் தேறாமல் போனதும் அவன் வீட்டுக்குள் முடங்கினான். கடைக்குப் போகமாட்டான், சொந்தக்காரர்கள் வந்தால் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்வான். ஒரு முகூர்த்தத்தன்று ஆள் பற்றவில்லை. "உம் மவன அனுப்புடி. உப்பு வைக்கவாச்சும் ஆவுமில்ல" என்று தனத்திடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். பையன் குனிந்த தலை நிமிராமல் இலை இலையாக உப்பு வைத்துக்கொண்டே போனான். யாரும் அவனை ஏறிட்டுப் பார்க்கவில்லை. உப்பு வைக்கிறவனை யார் பார்ப்பார்கள்? வரிசை முடிந்து திரும்பி வந்தவனின் முகத்தில், வெகுநாள் கழித்து வெளிக்காற்றில் நின்றவனின் களை இருந்தது. ஜெயசுதாவுக்கு ஏதோ ஒன்று பிடிபட்டது அப்போதுதான்.

அதன்பிறகு, வருகிற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து அவளாகவே ஒரு முறையைக் கட்டிக்கொண்டாள். முதலில் உப்பு. அதை யாரும் கேட்பதில்லை, வேண்டாம் என்பதுமில்லை. பிறகு பொரியல், கூட்டு. அதில் இலைக்கு எதிரே ஒரு நொடி நிற்க வேண்டும். பிறகு அப்பளம். "தம்பி, அப்பளம்!" என்று ஐந்தாறு பக்கத்திலிருந்து கூப்பிடுவார்கள், திரும்பினால் போதும், பதில் சொல்ல வேண்டியதில்லை. அடுத்தது சோறு. சோறு போடுகிறவள் சாப்பிடுகிறவரின் கையையும் முகத்தையும் பார்த்தே ஆக வேண்டும். போதும் என்று சிலர் கையைக் குறுக்கே நீட்டுவார்கள், சிலர் கண்ணால் சொல்வார்கள். சாம்பாரைத் தாண்டிக் கடைசியில் ரசம். ரசத்தைக் கேட்காமல் ஊற்ற முடியாது. ஒருவர் சோற்றில் குழி பறித்து வைத்திருப்பார். இன்னொருவர் இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து ஏந்துவார். மூன்றாமவர் பக்கத்து ஆளிடம் கதை பேசிக்கொண்டிருப்பார். ரசவாளியைத் தூக்கியவர் வாயைத் திறந்துதான் தீர வேண்டும்.

உப்பிலிருந்து ரசத்துக்கு எப்போது போவது என்பதற்குக் கணக்கு கிடையாது. ஒரு பெண் ஒரு தை மாதம் முழுக்க உப்போடே நின்றாள். ஜெயசுதா ஒன்றும் சொல்லவில்லை. அவள் தன் ஆட்களுக்குப் போட்ட கட்டளைகள் வேறு. அந்தப் பிள்ளைகளைப் பேசு என்று யாரும் சொல்லக்கூடாது. ஏன் பேசுவதில்லை என்றும் கேட்கக்கூடாது. பேசிவிட்டால், "அட, பேசிட்டாளே!" என்று கைதட்டவே கூடாது. பெற்றவர்களுக்கும் ஒரு கட்டளை இருந்தது: யாரும் மண்டபத்துக்கு வந்து எட்டிப் பார்க்கக்கூடாது.

எல்லாப் பிள்ளைகளும் தேறிவிடவில்லை. முதல் பந்தியிலேயே உப்புக்கிண்ணத்தை மேசை மேல் வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனவன் ஒருவன் உண்டு. சிலரைப் பார்த்ததுமே, "இதுக்கு ஆஸ்பத்திரியில காட்டணும்ங்க, என்னால ஆவாது" என்று திருப்பி அனுப்பியிருக்கிறாள். அந்தத் தாய்மார்கள் கடைத்தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். தேறிய பிள்ளைகளின் தாய்மார்களால் வந்த தொல்லை அதைவிடப் பெரிது. அவர்கள் ஊரெல்லாம் சொல்லி வைத்தார்கள். சோற்றில் கை வைத்தால் போன் அடிக்கும். பஸ்ஸில் கண்ணயர்ந்தால் போன் அடிக்கும். "எம் பொண்ணு இன்னிக்கும் தலை சீவலக்கா" என்று ஒருத்தி அழுவாள். ஜெயசுதா போனைக் காதில் வைத்தபடி ம் கொட்டுவாள்.

இத்தனைக்கும் அவளே பேசத் தெரியாத பிள்ளையாக வளர்ந்தவள். அம்மா இருசம்மாள் எறையூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போனவள். வெட்டு இல்லாத நாட்களில் கல்யாண வீடுகளில் எச்சில் இலை எடுக்கப் போவாள். அவர்கள் தெருக்காரர்களுக்கு அந்தக் காலத்தில் பந்தியில் இருந்த ஒரே வேலை அதுதான். எல்லாரும் எழுந்த பிறகுதான் உள்ளே போகலாம். சிறுமி ஜெயசுதாவையும் கூடவே கூட்டிப்போவாள். "யாரு என்ன சொன்னாலும் வாயத் தொறக்காத" என்பதுதான் அம்மா சொல்லிக்கொடுத்த தொழில். இலையில் மிச்சம் கிடப்பதை வைத்தே உட்கார்ந்திருந்தவரின் குணத்தைச் சொல்ல அப்போது பழகினாள். பின்னால் காலம் மாறி, மண்டபங்கள் வந்து, யார் வீட்டுப் பிள்ளை பரிமாறுகிறது என்று கேட்பது குறைந்து, எச்சில் இலை எடுத்தவள் பந்தியையே நடத்துகிறவளானாள். இப்போதும் சில கல்யாணங்களில், "நீ எந்த ஊரும்மா? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று யாராவது கேட்பார்கள். "அரியலூருங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டு நகர்ந்துவிடுவாள்.

இனி எந்தப் பிள்ளையையும் சேர்ப்பதில்லை என்று அவள் முடிவு செய்திருந்த நேரத்தில்தான் ஆரோக்கிய செல்வி டீச்சர் தேடிக்கொண்டு வந்தார். ஏலாக்குறிச்சிப் பக்கம் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. வீட்டுக்காரர் செபஸ்டினுக்கு வயல் வேலை.

"நாற்காலியில தூசி, டீச்சர். இருங்க, தொடைக்கிறேன்."

"பரவால்ல ஜெயசுதா, நீங்க உக்காருங்க."

டீச்சர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். ஒரே மகள், ஆனி ரோஸ். ஊரடங்கின்போது வீட்டுக்குள்ளேயே இருந்து பழகியது அப்படியே நின்றுவிட்டது. பள்ளிக்குப் போனாள், வந்தாள், நல்ல மதிப்பெண் வாங்கினாள். ஒரு சிநேகிதி கிடையாது. பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் சேர்த்தார்கள். போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டாள்.

"கேன்டீன்ல போயி ஒரு டீ கேக்க வாய் வராம, நாள் பூரா பட்டினியா இருந்திருக்கா. இப்ப கோயில் பூசைக்கும் வரதில்ல. மீன்காரம்மா சத்தம் கேட்டாகூட உள்ள போயி கதவச் சாத்திக்கிறா. வர்ற ஜூன்ல மறுபடி காலேஜ்ல சேக்கணும். அதுவும் விட்டுப்போச்சுன்னா, இந்தப் பொண்ணு அந்த ரூம்ப விட்டு வராது."

"எனக்கே முடியல டீச்சர். ஒடம்பு ஒத்துழைக்கல. யாரையும் சேக்கறதில்லன்னு..."

"எத்தனையோ பிள்ளைங்கள மேடை ஏத்திப் பேச வச்சிட்டேன், ஜெயசுதா. எம் பிள்ளையத்தான் முடியல."

டீச்சரின் கண்கள் கலங்கவில்லை. தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. அந்தச் சோர்வு ஜெயசுதாவுக்குத் தெரிந்த சோர்வு. அவளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

"அடுத்த முகூர்த்தத்துக்கு அப்பாவ விட்டுக் கொண்டாந்து வேன்ல ஏத்திவிடச் சொல்லுங்க. நீங்க மட்டும் வராதீங்க."

ஆனி ரோஸ் வந்தாள். ஒல்லியான பெண். துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தபடி வேனின் கடைசி இருக்கையில் உட்கார்ந்தாள். ஜெயசுதா எல்லாரிடமும் நீட்டுவதைப் போலவே கருநீல மேல்சட்டையை அவளிடமும் நீட்டினாள், உப்புக்கிண்ணத்தையும் கொடுத்தாள்.

ஆட்களில் மூத்தவள் சுமதி. சாம்பார் வாளி அவளுடையது. வாயும் அந்த வாளி அளவுக்குப் பெரியது. கேள்வி கேட்கக்கூடாது என்ற கட்டளையை அவள் ஒருபோதும் மீறியதில்லை. அதற்குப் பதிலாகத் தானே கேட்டுத் தானே பதிலும் சொல்லிக்கொள்வாள்.

"என்னாடி உப்பு, இட்லி தின்னியா? தின்னிருப்ப. தின்னாதவ மூஞ்சி இப்பிடி இருக்காது. அந்த மாப்ளயப் பாத்தியா? பாத்திருக்க மாட்ட. நல்லவேள. கட்டிக்கப்போறவளே இன்னும் சரியாப் பாக்கல, பாத்திருந்தா ஓடியிருப்பா."

வேனே சிரிக்கும். ஆனி ரோஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். கொஞ்ச நாள் கழித்து, திரும்பியிருந்த அந்தக் கன்னம் சிரிப்பில் மேலேறுவதை ஜெயசுதா பார்த்தாள். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை.

உப்பு பொரியலானது. பொரியல் அப்பளமானது. அப்பளத்தில் ஒருநாள் அழுதாள். நாலாபக்கமும் கூப்பிட்டதும் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நடுவில் நின்றுவிட்டாள். அப்பளக்கூடையை ஜெயசுதா வாங்கிக்கொண்டு, அடுத்த முகூர்த்தத்துக்கு மறுபடி பொரியலையே கொடுத்தாள். ஏன் என்று விளக்கவில்லை. அப்புறம் அப்பளம், சோறு என்று மெல்ல மெல்லப் போய், ஒரு வைகாசிக் கல்யாணத்தில் ரசவாளி ஆனி ரோஸின் கைக்கு வந்தது. முதல் வரிசையில் அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நடுவில் ஒரு பெரியவர் கையைக் குவித்து ஏந்திக்கொண்டு காத்திருந்தார்.

"சூடா இருக்கு தாத்தா. ஊதிக் குடிங்க."

எதிர்வரிசையில் மறுமுறை சாம்பார் கேட்டவர்களுக்கு ஊற்றிக்கொண்டிருந்த சுமதி அதை ஒரு ஆளின் அப்பளத்தின் மேலேயே ஊற்றிவிட்டாள். "என்னம்மா இது!" என்று அவர் கத்தினார். "நனைஞ்ச அப்பளம் ஒடம்புக்கு நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு ஜெயசுதாவைத் திரும்பிப் பார்த்தாள். ஜெயசுதா கண்ணாலேயே அதட்டினாள். பிறகு சமையற்கட்டுக்குப் போய், கவிழ்த்திருந்த ஓர் அண்டாவின் மேல் உட்கார்ந்தாள். சமையல்காரர் சாமிதுரை, "என்னக்கா, மயக்கமா?" என்றார். "இல்ல தம்பி. கால் வலி" என்றாள். கால் வலிதான். கூடவே வேறொன்றும் இருந்தது. அதற்கு அவளிடம் பெயரில்லை.

அன்று சாயங்காலம் அவள் எப்போதும் செய்யாததைச் செய்தாள். அசதியில் மனசு இளகியிருந்தது. டீச்சருக்குத் தானாகவே போன் போட்டு, "பேசிட்டா, டீச்சர்" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் டீச்சர் செபஸ்டினைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

அடுத்த கல்யாணம் அரியலூரில். பெண்ணின் அம்மா வளர்மதி, ஆரோக்கிய செல்வியோடு வேலை பார்க்கிற டீச்சர். விஷயம் தெரிந்ததும் ஜெயசுதா மறுபடி போன் போட்டாள்.

"அன்னிக்கு மட்டும் வராதீங்க டீச்சர். இல்லன்னா ரோச அன்னிக்கு நிறுத்திக்கிடுறேன்."

"கூட வேல பாக்குறவங்க வூட்டுக் கல்யாணத்துக்குப் போவாம இருக்க முடியுமா? மூஞ்சியக் காட்டிட்டு வந்துடுறேன். சாப்புட உக்கார மாட்டேன், ஜெயசுதா. சத்தியமா."

டீச்சர் பொய் சொல்லவில்லை. வந்தார், மொய் எழுதினார், கிளம்பப் பார்த்தார். சாப்பிடாமல் போகிற விருந்தாளியை விடுகிற ஊரா இது? வளர்மதி டீச்சர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, ரெண்டாம் பந்தியில் நடுவரிசையில் உட்கார வைத்தார். ஒரு பக்கம் பள்ளிக்கூடத்து டீச்சர்கள், இன்னொரு பக்கம் ஆரோக்கிய செல்வியின் தங்கை டெய்சி.

ரசவாளியோடு ஆனி ரோஸ் அந்த வரிசையில் திரும்பினாள். அம்மாவைப் பார்த்தாள். நடை ஒரு கணம் நின்றது. ஆனால் கூப்பிட்ட கைகளுக்கு ஊற்றிக்கொண்டே வந்தாள். அம்மாவின் இலைக்கு எதிரே வந்ததும், எல்லாரையும் கேட்ட அதே குரலில், "சோத்துல ஊத்தவா, கையில ஊத்தவா?" என்று கேட்டாள்.

டெய்சி சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். டீச்சர்கள் சிரித்தார்கள். பிரியமான சிரிப்புதான். ஆரோக்கிய செல்வியின் வலது கை சோற்றில் இருந்தது. இடது கை போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது.

ஜெயசுதா தூண் ஓரத்திலிருந்து அதைப் பார்த்தாள். போனைக் கீழே வைக்கச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. இரண்டு எட்டு முன்னால் வைத்தாள். டீச்சரின் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. வரிசை முழுக்க டீச்சர்கள். நடுவில் நின்று, போனை வைங்க என்று எப்படிச் சொல்வது? அதற்குள் யாரோ, "இந்தப் பக்கம் தண்ணி வரலம்மா!" என்று அதட்டினார்கள். ஜெயசுதா தண்ணீர்ப் பக்கம் போய்விட்டாள்.

மத்தியானத்துக்குள் அந்த வீடியோ டீச்சரின் ஸ்டேட்டஸில் ஏறியது. பின்னணியில் பாட்டு, சுற்றிலும் பூ. "இயேசுவுக்கே புகழ்! எங்கள் ரோஸ் பேசிவிட்டாள்!" என்று கீழே எழுத்து. கோயில் பங்கு மக்களில் பாதிப்பேர் பார்த்தார்கள். "உங்க பொண்ணுக்குப் பேச்சு வராதா டீச்சர்? இத்தன நாள் சொல்லவே இல்லியே" என்று ஒருவர் கேட்டிருந்தார். டெய்சி சித்தி வழியாக யார் யாருக்கோ போய், கடைசியில் பாதியில் விட்ட கல்லூரியின் வகுப்புக் குழுவில் விழுந்தது. "ரசம் அக்கா வந்துட்டாங்கடி! சோத்துலயா, கையிலயா?" என்று எழுதி, சிரிக்கிற பொம்மைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். அந்தக் குழுவிலிருந்து ஆனி ரோஸ் இன்னும் விலகாமல்தான் இருந்தாள்.

அடுத்த முகூர்த்தத்துக்கு அவள் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. டீச்சர் போன் மேல் போன் போட்டார். ஜெயசுதா எடுக்கவில்லை. வேலை முடித்து வந்த ஒரு சாயங்காலம் நாற்காலியில் சாய்ந்து, அடிக்கிற போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். போதும், இதோடு போதும் என்று தோன்றியது. நாமா பெற்றோம்? நமக்கென்ன தலையெழுத்தா? மறுநாள் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு ஏலாக்குறிச்சி பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

வீட்டு வாசலிலேயே டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டார். "சந்தோசத்துல போட்டுட்டேன், ஜெயசுதா. வேற எதுவும் தோணல. நாலு பேருக்குத் தெரியட்டும்னு..."

"ம்" என்றாள் ஜெயசுதா. திட்ட வேண்டும் என்றுதான் வந்தாள். டீச்சரைப் பார்த்ததும் அது வாயிலேயே கரைந்துவிட்டது. "ரோசு?"

"உள்ளதான் கெடக்குறா. சோறு வாசல்ல வச்சா எடுத்துக்கிறா."

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ஆனி ரோஸ் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஜெயசுதா கட்டிலுக்குக் கீழே, தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

என்ன சொல்வது? மண்டபத்தில் என்றால் கையில் ஏதாவது கொடுப்பாள். கொடுத்தால் போதும், சொல்ல வேண்டியதில்லை. இங்கே கொடுக்க ஒன்றுமில்லை. வருகிற வழியில் யோசித்ததெல்லாம் வாய்க்கு வரவில்லை. தரை குளிர்ச்சியாக இருந்தது. முந்தின நாள் பெரம்பலூரில் இரண்டு கல்யாணம். சுவரில் தலையைச் சாய்த்தாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று மூடினாள். அவ்வளவுதான்.

"அக்கா."

யாரோ தோளைத் தொட்டார்கள்.

"அக்கா, எந்திரிங்க. பஸ்ஸு போயிடும்."

ஜெயசுதா விழித்தாள். ஜன்னலில் வெயில் சாய்ந்திருந்தது. தலைக்குக் கீழே ஒரு தலையணை இருந்தது. எப்போது வந்தது என்று தெரியவில்லை. ஆனி ரோஸ் பக்கத்தில் குந்தியிருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"அட, தூங்கிட்டனா? குறட்ட விட்டனாடி?"

"விட்டீங்க."

"ஒண்ணும் சொல்லாமயே தூங்கிட்டேன் பாரு" என்று கையை ஊன்றி எழப் பார்த்தாள். முழங்கால் மடங்க மறுத்தது. ஆனி ரோஸ் கை கொடுக்கவில்லை.

"நீங்க பாத்தீங்கதான?"

"எத?"

"அம்மா போனத் தூக்குனத."

ஜெயசுதா மறுபடி உட்கார்ந்தாள். "பாத்தேன்."

"பாத்துட்டும் ஏன் சும்மா இருந்தீங்க? வூட்லருந்து யாரும் வரக்கூடாதுன்னு சொன்னீங்க. வந்தாங்க. போன் எடுத்தாங்க. தூண்கிட்ட நின்னு பாத்துட்டுப் போயிட்டீங்க. நான் உங்களத்தான் பாத்துக்கிட்டிருந்தேன், நீங்க சொல்லுவீங்கன்னு. நீங்க சொல்லல. எல்லாரும் பாத்தாங்க. இப்ப எல்லாரும் பாத்துட்டாங்க."

அவள் இவ்வளவு பேசி ஜெயசுதா கேட்டதில்லை. தண்ணீர் வரவில்லை என்று கூப்பிட்டார்கள் என்று சொல்லலாம். அது உண்மையும்தான். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"சொல்லணும்னுதான் வந்தேன்டி. டீச்சரா வரிசையா உக்காந்திருந்தாங்க. அவங்களப் போயி நாம என்ன சொல்றதுன்னு... வாய் வரல எனக்கு. சின்னப் புள்ளயிலருந்தே அப்பிடித்தான். படிச்சவங்க, பெரிய வூட்டுக்காரங்கன்னா தொண்டையில வந்து நின்னுக்கும். இப்பகூட உங்கம்மாவத் திட்டணும்னுதான் பஸ் ஏறினேன். 'ம்'ன்னுட்டு உள்ள வந்துட்டேன்."

ஆனி ரோஸ் அவளையே பார்த்தாள். இரக்கமா, கோபமா என்று தெரியவில்லை.

அந்தப் பெண் எழுந்தாள். கதவை முழுசாகத் திறந்தாள். கூடத்தில் ஆரோக்கிய செல்வி எழுந்து நின்றார்.

"அந்த வீடியோவ அழி."

"ஸ்டேட்டஸு மறுநாளே போயிடுச்சும்மா..."

"போன்ல இருக்குல்ல? அழி. சித்திகிட்டயும் சொல்லு. இனிமே என்னக் கேக்காம என்னப் படம் எடுக்காத. நான் பேசுனாலும் எடுக்காத."

டீச்சர் போனை எடுத்தார். கண்ணாடி இல்லாமல் போனில் தடவித் தடவித் தேடினார். கண்டுபிடித்தார். அழிப்பதற்கு முன் ஒரு கணம் தயங்கியதை ஜெயசுதா அறைக்குள்ளிருந்து பார்த்தாள். பிறகு அழித்தார். மகளைக் கட்டிக்கொள்ள முன்னால் வந்தவரை, ஜெயசுதா பின்னால் நின்று வேண்டாம் என்று தலையாட்டித் தடுத்தாள். டீச்சர் கையைக் கீழே போட்டார்.

செருப்பு மாட்டும்போது ஆனி ரோஸ் அறைவாசலில் சாய்ந்து நின்றாள். "அடுத்தது எங்க?"

"பெரம்பலூரு. ஞாயித்துக்கிழம."

"வரலன்னா?"

"வரலன்னா என்ன? சுமதி ரெண்டு வாளியத் தூக்குவா. நாள் பூரா என்னத் திட்டுவா."

பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஜெயசுதாவுக்கு மறுபடி தூக்கம் வந்தது. எதையாவது சரிசெய்துவிட்டோம் என்ற நினைப்பு கொஞ்சமும் இல்லை. அந்தப் பெண் கேட்ட கேள்விதான் முழங்கால் வலியோடு சேர்ந்து வந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேன் அரியலூரில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தது. ஆனி ரோஸ் வரவில்லை. "போவலாம்" என்றாள் ஜெயசுதா. சுமதிகூட வாயைத் திறக்கவில்லை.

பெரம்பலூர் மண்டபத்தில் கூட்டம் நெருக்கியது. முதல் பந்தியில் சாம்பாரையும் ரசத்தையும் சுமதியே ஓடி ஓடி ஊற்றினாள். "செத்தேன்க்கா" என்றாள். ஜெயசுதா தானே ஒரு வாளியைத் தூக்கினாள். தோள் விண்ணென்று தெறித்தது. ரெண்டாம் பந்தி எழுந்து, மூன்றாம் பந்திக்கு மேசையில் காகிதம் விரித்துக்கொண்டிருந்த நேரத்தில், முன்வாசல் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஆனி ரோஸ் வந்தாள். வேர்த்துக் கொட்டியிருந்தது. கூட யாரும் இல்லை.

ஜெயசுதா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "மூணாம் பந்திக்கா வர்றது? வேலக்கி வர்ற நேரமாடி இது?"

"ஏலாக்குறிச்சி பஸ்ஸு வரவே இல்லக்கா. அரியலூரு வந்தா வேன் போயிடுச்சு. இங்க எறங்குனா எந்த மண்டபம்னு யாருக்கும் தெரியல. பூக்கடையில கேட்டேன், பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்லன்னாங்க. போனா அது வேற கல்யாணம். ஆட்டோகாரன்கிட்ட கேட்டா அவன் திருச்சி ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போறான். நான் என்ன பண்ணட்டும்?"

"போன் பண்ணக் கூடாதா?"

"பண்ணுனேன். நீங்கதான் எடுக்கல!"

சுமதி மூச்சு வாங்க வந்து நின்றாள். "வந்துட்டாளா மகாராணி? வரும்போதே சண்டையா? வாளியப் புடிடி மொதல்ல."

கதவு திறந்தது. மூன்றாம் பந்திக்கு இடம்பிடிக்க ஜனம் ஓடி வந்தது.

"இலையப் போடுங்க" என்றாள் ஜெயசுதா.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சமையற்கட்டுப் பக்கம் நொண்டியபடி நடந்தாள்.